நான்கு நிறத் துணிகளும் மூன்றாவது கடிதமும்

காலை ஆறரை மணிக்குக் கூடத்துக் கறுப்புக் கண்ணாடி மேசையை நீலத் துணியால் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்த வெனிங் குனிந்து பார்த்தாள். துடைத்த இடம் துடைக்காத இடத்தைவிட அசிங்கமாக இருந்தது. எண்ணெய்க் கையால் யாரோ தடவிவிட்டுப் போனது போல ஒரு மங்கல், அதற்குள் மெல்லிய வானவில்.

சமையலறையிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்துவந்து மேசைமேல் ஊற்றினாள். துணியை வைத்தாள். தண்ணீர் துணிக்குள் போகவில்லை. துணி தள்ளிய பக்கமெல்லாம் உருண்டு ஓடியது. துணியை விரித்து அதன்மேலேயே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சேம்பிலையில் நிற்பது போல உருண்டையாக நின்றது சொட்டு. நின்று அவளையே பார்த்தது.

மிளகாயும் சோப்பும் சேர்ந்து வெடிக்க வைத்த கை அவளுடையது. நல்ல மைக்ரோஃபைபர் துணி அந்த வெடிப்புகளில் பூனை நாக்கு மாதிரி பிடித்துக்கொள்ளும். இன்றைக்குப் பட்டு போல வழுக்கிப் போயிற்று.

காரணம் அவளுக்குத் தெரியும். காரணம் குளியலறை அலமாரியின் பின்வரிசையில், இளஞ்சிவப்புப் புட்டியில், பாதி காலியாக இருந்தது. பத்து மணிக்குக் கூட்டம்.

மாமனார் பாக் ஹர்தோயோ மாகாண அலுவலகத்து ஆவணப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். (அந்த ஊரில் பெரியவர்களுக்குப் பெயர்முன் ஒரு மரியாதை: ஆண் என்றால் பாக், பெண் என்றால் இபு.) ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சுற்றும்முற்றும் பார்த்தபோது கீழே வேலை பார்ப்பவர்கள் ஒருவரும் இல்லை என்பது தெரிந்தது. ஆனால் குடும்பம் இருந்தது. அன்று முதல் செமராங் நகரத்தின் அந்தச் சின்ன வீடு சுற்றறிக்கைகளால் நடக்கத் தொடங்கியது. செருப்பு விடும் இடம் பற்றி முதல் சுற்றறிக்கை. கொசுவலை பற்றி மூன்றாவது. 'வீட்டுத் துடைப்புத் துணிகளின் தெரிவு, பயன்பாடு, பராமரிப்பு' என்பது ஏழாவது. நகல்: மனைவி, மகன், மருமகள், கோப்பு.

ஏழாவது சுற்றறிக்கைக்கு அவர் பிளாஸ்டிக் உறை போட்டுக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். வேறு எங்கே ஒட்டினாலும் படிக்காமல் நழுவிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். கண்ணாடிக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, மரச்சாமான்களுக்கு மஞ்சள், கழிவறைக்குச் சிவப்பு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யக்கூடாது. பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. இஸ்திரி கூடாது. உட்பிரிவு நான்கு, தடித்த எழுத்தில், கீழே கோடிட்டு: துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் திரவம் எக்காரணம் கொண்டும் கூடாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான், மலையூர் உங்காரானில் ஒரு வீடு இல்லாமல் இருந்திருந்தால். இரண்டு அறை, ஒரு மாமரம், மலைக்காற்று. பாக் ஹர்தோயோவின் பெயரில் பூட்டிக் கிடந்தது. கல்யாணத்தன்றே மகன் தானுவையும் வெனிங்கையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் இந்த வீட்டில் இருந்து, வீடு நடத்தும் தகுதியைக் காட்ட வேண்டும். அலுவலக முறைப்படி மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவது வந்தால் சாவி கிடையாது, அடுத்த வருஷம் மறுபரிசீலனை.

முதல் கடிதம், நீலத் துணியைக் குளியல் துண்டோடு சேர்த்துத் துவைத்ததற்காக. துண்டின் பஞ்சு முழுக்கத் துணியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, மஞ்சள் துணியை இஸ்திரி போட்டதற்காக. கைக்குட்டை, தலையணை உறை, உள்ளாடை எதையும் இஸ்திரி போடாமல் மடிக்கிற பழக்கம் வெனிங்கின் அம்மா வீட்டில் கிடையாது. கை தானாகப் போயிற்று. இழைகள் உருகி, துணி அப்பளம் போல விறைத்துக்கொண்டது.

மூன்றாவது கடிதம் இன்னும் வரவில்லை. வருஷம் இன்றோடு முடிகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. முதல் ஒன்பது நாள் நிற்கவே இல்லை, பிறகும் விட்டு விட்டுப் பெய்தது. பின்கட்டுக் கொடியில் தொங்கிய துணிகள் நனைந்த ஆடு போல நாறின. பாக் ஹர்தோயோ மோந்து பார்த்து முகம் சுளித்து, உலர்த்தும் முறை சரியில்லை என்று மின்விசிறிக்கு உத்தரவு போட்டார். விசிறி சுற்றியது. நாற்றமும் சுற்றியது. மணக்காத துணியைத் துவைத்த துணி என்று இந்த ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெனிங்கும் இந்த ஊர்தான். அலசுகிற தண்ணீரில் ஒரு மூடி சாஃப்ட்னர் ஊற்றினாள். ஒரே ஒரு மூடி.

மறுநாள் அவர் துணியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"பாத்தியா வெனிங்! முறையா உலத்தினா இழையோட இயற்கை மணம் தானா வெளிய வரும். இத இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மூன்றாவது கடிதம். அதனால் "ஆமாங்க பாபக்" என்றாள், அப்பா என்று அவரை அழைக்கும் முறையில். துடைப்புத் துணி பற்றி அவர் எழுதிவந்த சொற்பொழிவில் அந்த மணம் பிரிவு ஆறாக ஏறி உட்கார்ந்துகொண்டது. பேட்டைப் பெண்கள் குழுவின் மாதக் கூட்டம் இந்த முறை அவர் வீட்டில், உரையும் அவருடையது. வட்டாரத் தலைவரின் மனைவி இபு ரத்ரியே வருகிறாள். நேற்று வெனிங், மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று, இரண்டு மூடி ஊற்றிவிட்டாள். ஜன்னல் கண்ணாடிகள் இரண்டு வாரமாக மங்கித்தான் தெரிந்தன. அவள் மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள். மாமியார் இபு குஸ்மிரா கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டீக்கு இவ்வளவு தண்ணியா? பேட்டையே குளிக்க வருதா என்ன?"

வெனிங் நீலத் துணியை நீட்டினாள். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். சொட்டு நின்றது.

"எத்தன நாளா ஊத்தறே?"

"மூணு வாரமா, இபு."

"இவ்வளவுதானா?" இபு குஸ்மிரா கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் பதினஞ்சு வருஷமா அந்த மனுஷனோட பனியன்ல ஊத்திட்டிருக்கேன். தன் ஒடம்பு வாசனைன்னு நெனச்சிட்டிருக்காரு."

சிரிப்பு வரவில்லை வெனிங்குக்கு. "மேசைமேல அரை கிளாஸ் தண்ணி ஊத்தி ஒரே தொடப்புல எடுத்துக் காட்டப்போறாரு, இபு. எல்லார் முன்னாடியும். தண்ணி போகலன்னா காரணம் தேடுவாரு. காரணத்த அவரு எப்படியும் கண்டுபிடிச்சிருவாரு. முப்பத்தோரு வருஷம் அதத்தானே பண்ணாரு."

"நாலு துணிதானே? கழுவு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கை தாங்கும் சூடு, அதற்கு மேல் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இழை செத்துவிடும். சோப்புத் தூளைக் கரைத்து நீலத்தையும் பச்சையையும் மஞ்சளையும் முக்கினாள். சிவப்புக்குத் தனி வாளி, இந்த நெருக்கடியிலும். கசக்கக் கசக்க விரலிடுக்கில் வழவழவென்று ஏதோ கழன்று வந்தது. அலசினாள். இரட்டைத் தொட்டி மெஷினின் பிழியும் தொட்டியில் போட்டுச் சுற்றவிட்டாள். எடுத்து ஒரு சொட்டு விட்டாள்.

நின்றது.

மணி ஏழு நாற்பது. கூடத்தில் பாக் ஹர்தோயோ ஒலிபெருக்கி இல்லாமலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "மதிப்புக்குரிய, போற்றுதலுக்குரிய, நம் அழைப்பை ஏற்று..." தானு மடக்கு நாற்காலி வாங்கிவரப் போனவன் சமையலறையில் தலையை நீட்டினான்.

"என்ன, மொகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க நாற்காலியப் பாருங்க."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எதையும் பண்ணி வெச்சிராத, என்ன? ராத்திரியே பெட்டியக் கட்டிட்டேன்."

சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான். நிம்மதி அவனுக்குச் சுலபமாக வரும்.

இரண்டாவது முறை, சூடான தண்ணீரில் வினிகர். காய்கறி அடைத்துப் பொரித்த லும்பியாச் சுருளுக்குத் தொட்டுக்கொள்ளும் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கென்று வைத்திருந்த புட்டியை இபு குஸ்மிரா அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். கால் மணி நேரம் ஊற வேண்டும். பத்தாவது நிமிஷம் செருப்புச் சத்தம் வந்தது. மாமியார் துணி ஊறிய பேசினைப் பெரிய அலுமினியத் தட்டால் மூடி, தட்டின்மேல் வெள்ளரிக்காயைக் கொட்டி, கத்தியோடு உட்கார்ந்துகொண்டாள்.

பாக் ஹர்தோயோ வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார். "என்ன இது புளிச்ச நெடி?"

"ஊறுகா."

"துடைப்புத் துணி நாள்ல ஊறுகாயா?"

"வர்றவங்க துணியத் திங்க மாட்டாங்க. லும்பியாதான் திம்பாங்க."

அவர் அந்த வாதத்தை ஆராய்ந்து பார்த்து, குற்றம் காண முடியாமல் விட்டார். "வெனிங், ஒன்பதரைக்குத் துணிகள் மேசைமேல இருக்கணும். நீலம் மேல. சிவப்பு தனித் தட்டுல, ரெண்டு சாண் தள்ளி."

"சரிங்க பாபக்."

"நேத்து வெச்ச எடத்துல காணோமே?"

வெனிங் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துத் தட்டில் நேராக வைத்தாள். "கடைசியா... ஒரு தடவ அலசிடலாம்னு எடுத்தேன். தூசி விழுந்திருந்தது."

"அலசறது நல்லது. சுற்றறிக்கையில இருக்கு." திரும்பினவர் நின்றார். "வருஷம் இன்னியோட முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குங்க."

"எனக்கும் இருக்கு."

அவர் அக்குளில் இடுக்கியிருந்த பழுப்புக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நேற்று மேசையைத் துடைக்கும்போது பார்த்திருந்தாள். மூன்றாவது கடிதம் தட்டச்சாகி, எண் போட்டு, தேதி போட்டு, முத்திரையோடு தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில் மட்டும் நான்கு வரி வெற்றிடம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. படிவங்களை முன்கூட்டியே தயார் செய்து வைப்பது ஆவணப் பிரிவின் ஒழுக்கம்.

மூன்றாவது முறை சோப்பு, நான்கு முறை அலசல், பிழியும் தொட்டி. ஒன்பதே கால். நீலத் துணியைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாமியாரும் குனிந்தாள். வெனிங் விரல் நுனியால் ஒரு சொட்டு விட்டாள்.

காணோம். விழுந்த இடம் கொஞ்சம் கருத்தது, அவ்வளவுதான்.

"குடிச்சிருச்சு," என்றாள் மாமியார், பால் குடிக்காத குழந்தை குடித்ததைச் சொல்வது போல.

விசிறிக் காற்றில் பிடித்துப் பிடித்து ஈரம் போக்கி, அடுக்கி, ஒன்பதரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மேசையில் வைத்தாள். மேசையையும் துடைத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியில் கூரை விளக்கு அச்செடுத்தது மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

பாக் ஹர்தோயோ நீலத் துணியை எடுத்தார். மூக்கில் வைத்தார். திருப்பி வைத்தார்.

"மணம் எங்க?"

வெனிங்குக்கு இது தோன்றவே இல்லை. இரண்டரை மணி நேரம் அந்த மணத்தைக் கொல்லத்தான் போராடியிருந்தாள்.

"மழைங்க பாபக்... ஈரக்காத்து..."

"மூணு வாரமா மழைதான். மூணு வாரமா மணமும் இருந்தது. இன்னிக்கு என்ன?" கோப்பு மேசைமேல் இறங்கியது. "பிரிவு ஆறு முழுக்க மணம். மணம் இல்லாம பிரிவு ஆற எப்படிப் படிக்கறது? கெடு முடியற நாள்ல வேலையில தளர்வு. இதத்தான் நான் எதிர்பாத்தேன்."

அவர் கை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டது. வெனிங் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை பேனாவை விட்டது.

"நல்லவேளை, நான் ஆவணப் பிரிவுக்காரன்."

அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வாய் ஒட்டியிருந்தது. உள்ளே, நேற்று மாலை கொடியிலிருந்து அவரே எடுத்துவைத்த இரண்டாவது நீலத் துணி. மேலே சீட்டு: 'மாதிரி. நீலம்', நேற்றைய தேதியோடு. உறையைக் கொஞ்சம் கிழித்ததும் ரோஜாவும் சர்க்கரையுமாய் மணம் கூடத்தை நிறைத்தது. இரண்டு மூடி.

"பாபக், அது வேணாம். இதையே..."

"ஏன்?"

ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் அந்த நான்கு வரியை அவளே நிரப்பிக் கொடுத்த மாதிரி. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இபு ரத்ரி வந்துவிட்டாள்.

"தண்ணி... கொஞ்சமா ஊத்துங்க பாபக்," என்றாள் வெனிங்.

"அரை கிளாஸ். எழுதியிருக்கறபடி."

இருபத்து மூன்று பெண்கள், இருபத்து மூன்று தின்பண்டப் பெட்டிகள், சுடச்சுட மல்லிகைத் தேநீர். இபு ரத்ரி பட்டு பாத்திக் உடையில், முன்வரிசை நடுவில், மேசைக்கு நேர் எதிரே. அது நடைமுறை. பேட்டைக்குழுச் செயலாளர் இபு தாதிக் கூட்டக் குறிப்பேட்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். தும்மினால்கூட எழுதிவிடுவாள். வெனிங் சுவரோரம், அவர் ஒதுக்கிய துணி அடுக்கைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அது எதற்கு என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

பாக் ஹர்தோயோ வரவேற்பை மட்டும் ஆறு நிமிஷம் படித்தார். பிறகு பாடம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மனுஷன் படித்திருந்தார். "வாங்கும்போது துணிய வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் தெரிஞ்சா வாங்காதீங்க. உள்ளங்கையில வெச்சு இழுங்க. தோலப் பிடிக்கணும். வழுக்கினா அது வெறும் பாலியஸ்டர்." சுவரோரம் நின்ற வெனிங் தன் கையிலிருந்த துணியை மெல்ல அழுத்தினாள். பிடித்தது. அவர் கையில் இருந்ததை அவர் இழுத்துப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதற்காக எழுதியதல்லவா அது.

"இப்போது பிரிவு ஆறு." துணியை இபு ரத்ரியிடம் பணிவாக நீட்டினார். "முகர்ந்து பாருங்க. முறையான பராமரிப்பினால இழையிலிருந்து தானா எழுகிற இயற்கை மணம்."

இபு ரத்ரி முகர்ந்தாள். பக்கத்திலிருந்தவளுக்குக் கொடுத்தாள். துணி வரிசையில் நகர்ந்தது.

"எங்க வீட்டு வாசனை மாதிரியே இருக்கே," என்றாள் இபு தாதிக்.

"எங்க வீட்டுலயும் இதேதான்!"

"எங்க வீட்டுத் தலையணையும்!"

பாக் ஹர்தோயோ புன்னகைத்தார். "முறையா பராமரிக்கிற வீடுகள்ல ஒரே மணம்தான் வரும்."

"இல்லீங்க பாக், நாங்க அந்தப் பிங்க்..." என்று ஆரம்பித்த இபு ரத்ரியின் குரல், அவர் கண்ணாடிக் குவளையை உயரத் தூக்கியதும் மரியாதைக்காக நின்றது.

அரைக் குவளைத் தண்ணீர் மேசைமேல் பரவியது. "ஒரே துடைப்பு," என்றார். துணியை வைத்துத் தள்ளினார்.

தண்ணீர் துணிக்கு வழிவிட்டது. அதிகாரி வரும்போது ஊழியர்கள் விலகுவது போல ஒழுங்காக, வரிசையாக, துணிக்கு முன்னால் நகர்ந்தது. மேசை விளிம்புக்கு வந்தது. ஒரு கணம் தயங்கியது. அப்புறம் மொத்தமாக இபு ரத்ரியின் பட்டு மடியில் இறங்கியது.

இபு ரத்ரி நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

அவர் மறுபடியும் துடைத்தார். கண்ணாடி மங்கியது. இன்னொரு முறை துடைத்தார். இன்னும் மங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பி வெனிங்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ரோஜாவும் சர்க்கரையும் பிங்க் என்ற சொல்லும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. கோப்பு மேசை ஓரத்தில் இருந்தது. பேனா சட்டையில் இருந்தது.

உங்காரான் மாமரம் ஒரு நொடி அவள் கண்ணில் வந்து போயிற்று. சொன்னாலும் கடிதம், சொல்லாவிட்டாலும் கடிதம். அவள் கால் முன்னால் நகர்ந்தபோது என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அடுக்கிலிருந்து நீலத்தை எடுத்து, நாலாக மடித்து, மேசைமேல் ஒரே இழுப்பு. மிச்சத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. மறுபக்கம் திருப்பி இன்னொரு இழுப்பு. மங்கலும் போயிற்று. கறுப்புக் கண்ணாடியில் பாக் ஹர்தோயோவின் திறந்த வாய் பளிச்சென்று தெரிந்தது.

"அம்மாடி!" என்றது பின்வரிசை.

"அப்ப அந்த மொதத் துணிக்கு என்ன?" இபு தாதிக்கின் பேனா காத்துக்கொண்டு நின்றது.

"அது கெடுத்து வெச்ச துணிங்க, இபு," என்றாள் வெனிங். குரல் அவளுடையது போலவே இல்லை. "சாஃப்ட்னர் ஊத்தினா இழைமேல மெழுகு மாதிரி படிஞ்சுரும். அப்புறம் தண்ணியே குடிக்காது. வாயில சொன்னா நம்ப மாட்டாங்கன்னு, பாபக்தான் ஒண்ண மட்டும் கெடுத்து வெக்கச் சொன்னாரு. சுற்றறிக்கை ஏழு, உட்பிரிவு நாலு."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

அவர் முகத்தில் ஒரு போராட்டம் நடந்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பொய்ப் பதிவுக்கும் கையெழுத்துப் போடாத மனிதர். மறுபக்கம், மூன்று வாரம் ஒரு பிங்க் புட்டியிடம் ஏமாந்து, அதற்கு ஒரு முழுப் பிரிவு எழுதிய மனிதர், வட்டாரத் தலைவர் மனைவியின் முன்னால். சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் ஏழு முறை நகர்ந்தது. வெனிங் எண்ணினாள்.

"ஆம்," என்றார். தொண்டையைச் செருமினார். "எதிர்மறை உதாரணம்."

இபு தாதிக் எழுதினாள், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே: "எதிர்மறை உதாரணம்... உரையாளரால்... முன்கூட்டியே... திட்டமிட்டு..."

"அப்ப இயற்கை மணம்னு சொன்னீங்களே?" இபு ரத்ரி மடியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அதுதான் பொறி." இப்போது குரலுக்குப் பழைய கனம் திரும்பிவிட்டது. "எத்தனை பேர் ஏமாறுறீங்கன்னு பாத்தேன். மணம் வந்தா உஷாராகணும். மணக்கிற துணி துடைக்காது. எழுதிக்குங்க."

"என் பாத்திக்?"

"வாழ்க்கை முழுக்க மறக்கக்கூடாதில்லையா, இபு."

இபு ரத்ரி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கூட்டமே சிரித்தது. லும்பியாப் பெட்டிகள் திறந்தன. ஊறுகாய் மட்டும் சப்பென்று இருந்ததாகப் பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

உரையாளர் என்ற முறையில் பாக் ஹர்தோயோ கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டு, கோப்புக்கு ஒரு நகலும் வாங்கிக்கொண்டார். நண்பகலுக்கு எல்லாரும் போய்விட்டார்கள். பாக் ஹர்தோயோ மருமகளை மேசைக்குக் கூப்பிட்டார். கோப்பைத் திறந்து மூன்றாவது கடிதத்தை எடுத்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். தானு நாற்காலிகளை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"எத்தனை மூடி?"

"வழக்கமா ஒண்ணு, பாபக். நேத்து மட்டும் ரெண்டு."

"உட்பிரிவு நாலு தெளிவா இருக்கு."

"இருக்குங்க. கழிவறைக்குப் போறப்பெல்லாம் படிக்கறேன்."

"இது விதிமீறல்." பேனா வெற்றிடத்தின் முதல் வரிமேல் இறங்கியது.

"எழுதுங்க பாபக். தப்பு என்னுதுதான். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? கூட்டக் குறிப்புல, நீங்க சொல்லித்தான் ஊத்தினதா இருக்கு. கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இந்தக் கடிதத்துல, நீங்க சொல்லாம ஊத்தினதா வரும். அதுலயும் உங்க கையெழுத்து. ரெண்டும் ஒரே தேதி. எந்தக் கோப்புல எதை வெப்பீங்க?"

பேனா நின்றது.

ஒரே தேதியில், ஒரே விஷயத்தில், ஒரே கையெழுத்தில், ஒன்றையொன்று பொய்யாக்கும் இரண்டு ஆவணங்கள். அப்படி ஒன்று தன் அலமாரியில் இருப்பதை அவர் கற்பனை செய்து பார்த்தார். அந்தக் கற்பனையிலேயே அவருக்கு வியர்த்தது. வெனிங் அந்த நுனியைப் பார்த்தாள். நுனியில் மசி திரண்டது. சொட்டவில்லை.

பேனாவை மூடினார். இழுப்பறையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து, கடிதத்தின் குறுக்கே 'செல்லாது' என்று ஓங்கி அடித்தார். கிழிக்கவில்லை. கோப்பிலேயே வைத்தார்.

பிறகு அதே இழுப்பறையிலிருந்து சாவி வந்தது. அட்டைச் சீட்டு கட்டிய பித்தளைச் சாவி. கூடவே பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, மூன்று நகல். அவள் மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள். தானு சாட்சிக் கையெழுத்துப் போட்டான். எதற்குச் சாட்சி என்று அவனுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"துணிகள எடுத்துட்டுப் போ," என்றார் பாக் ஹர்தோயோ, அவளைப் பார்க்காமல். "நாலையும். சாஃப்ட்னரக் கழட்டத் தெரிஞ்சவ கையில இருக்கட்டும்."

சாவியை அவள் நீலத் துணியில் வைத்துச் சுற்றினாள். துணி உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டது.

அவள் எழுந்திருக்கும்போது அவர் சட்டென்று சட்டைக் கழுத்தை இழுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். புருவம் நெரிந்தது. மறுபடி முகர்ந்தார்.

"குஸ்மிரா!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "என் பனியன்லயும் இது மாதிரி எதாவது...?"

தட்டுகள் உரசும் சத்தம் நின்றது. வெனிங் சாவியை இறுக்கிக்கொண்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சீச்சீ," என்றாள் இபு குஸ்மிரா உள்ளேயிருந்து. "அது உங்க இயற்கை மணம்."